இரண்டு பட்டியலிலும் இல்லாத நாற்பத்து மூன்று பேர்

"விடவா?"

"இரு, இரு. விட்டுடாதே."

"கை கழண்டு வந்துடும் போல இருக்கு அண்ணே."

"கை கழண்டா திரும்ப மாட்டிக்கலாம். அலமாரி என் மேல விழுந்தா என்னை எந்தக் கொக்கியில மாட்டுவே? ம்... இப்ப புடிச்சாச்சு. விடு."

மாடிப்படியின் திருப்பத்தில் இரும்பு அலமாரி ஒரு முனகலோடு உடம்பைத் திருப்பிக்கொண்டது. மேல் படியில் நெட்டை, கீழ்ப் படியில் குட்டை. இருவரும் சுமை தூக்குகிறவர்கள். மூன்று நாட்களாகப் புதுக் கட்டடத்தின் மாடிக்கு அலமாரி, மேசை, நாற்காலி என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒருவன் 'விடவா?' என்பான். மற்றவன் 'புடிச்சாச்சு' என்று சொல்லும்வரை அவன் விரலை எடுப்பதில்லை.

படிக்கட்டின் உச்சியில் கையில் ஓர் எஃகு அளவுகோலோடு நின்றவளுக்கு இந்தக் கூச்சல் எரிச்சலாக இருந்தது.

"ஏம்பா, ஒரு அலமாரிக்கு எத்தனை தடவை விடவா, விடவான்னு கேப்பீங்க? எதிர்ல இருக்கிறவன் பிடிச்சிருக்கானா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம்" என்றான் நெட்டை, மூச்சு வாங்கியபடி. "நடுவுல அலமாரி இருக்கே."

அவள் முதுகுக்குப் பின்னால் அலுவலகம் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேல் மேடம். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பட்டியலில் ஒரு பெயரை அடிக்க வேண்டுமென்றால் அவள் கையால் கிறுக்க மாட்டாள். அளவுகோலை வைத்து, சிவப்பு மையால், பெயரின் இடுப்பில் ஒரே கோடு. அடிபட்ட பெயர்கூட அவள் தாளில் அழகாக இருக்கும்.

பதினேழு ஆண்டுகளாக அவள் கிராம வளர்ச்சி முகமையில் வேலை பார்த்தாள். அதே தெருவின் எதிர்ப்பக்கத்தில் சமூக இணைப்பு முகமை இருந்தது. இவர்கள் தொழில் தொடங்க அறை கட்டிக் கொடுப்பார்கள். அறைக்குள் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டுவது அவர்கள் வேலை. இவர்கள் தேனீப் பெட்டி கொடுப்பார்கள். காது கேளாத தேனீ வளர்ப்பவருக்குச் சைகையில் பயிற்சி சொல்ல ஆள் அனுப்புவது அவர்கள் வேலை. இடையில் இருந்தது இருபதடி அகலத் தெருதான். ஆனால் "அந்தப் பக்கம் போய்க் கேளுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அந்த இருபதடியைக் கடந்தவர்களைக் கேட்டால் கடல் என்பார்கள். அதே நேரம், வேலை முடிந்து ஒருவர் நன்றாக வந்துவிட்டால் போதும், "அவர் எங்க ஆள்" என்று இரண்டு அலுவலகமும் மார்தட்டும்.

ஆகவே இரண்டையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்ற உத்தரவு வந்தபோது, தெருவில் முதலில் மகிழ்ந்தவள் ஸ்கேல் மேடம்தான். ஒரே கதவு, ஒரே மேசை, ஒரே பட்டியல். இத்தனை காலம் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் அவளுக்கு ஆச்சரியம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்றைக்கே அவள் துணை இயக்குநராகவும் உட்காரப் போகிறாள்.

பட்டியலை ஒன்றாக்கும் வேலை அவளிடமும், எதிர் அலுவலகத்துத் தலைமை எழுத்தரிடமும் வந்தது. அவர் வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே வராதவர். ஊருக்கே குடைக்காரர். இயக்குநர் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்: "ஒருத்தர் பேர் ஒரு தடவைதான் வரணும். எங்க ஆள், உங்க ஆள்னு இத்தனை வருஷம் இழுத்தது போதும். கொஞ்சம் விட்டுக்கொடுங்க."

அந்தச் சொல் இருவருக்கும் சுருக்கென்றது. இருவரும் மானஸ்தர்கள். அன்று மாலையே பட்டியல்களின் நகல்களை மாற்றிக்கொண்டார்கள். இரண்டிலும் இருந்த பெயர்கள் நாற்பத்து மூன்று. 'அவங்களே வெச்சுக்கட்டும், நாம பெரிய மனுஷத்தனமா நடந்துக்குவோம்' என்று நினைத்த ஸ்கேல் மேடம் அளவுகோலை எடுத்தாள். தன் பட்டியலில் நாற்பத்து மூன்று கோடுகள். ஒன்றுகூடக் கோணவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அதைக் கணவனிடம் சொன்னாள். அவன் பால் வண்டி ஓட்டுகிறவன்.

"நாற்பத்து மூணு பேரா? ஒரே நாள்ல அத்தனை பேரையும் எங்க இறக்கி விட்டே?"

"எதிர் அலுவலகத்துல."

"அவங்க வாங்கிக்கிட்டாங்களா? நான் ஒரு பால் கேனை இறக்கினாக்கூடக் கடைக்காரர் கையெழுத்துப் போடாம வண்டியை எடுக்க மாட்டேன்."

"உங்க பால் புளிச்சுப் போகும். பேர் புளிக்குமா?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

அது நடந்து பத்து நாட்கள் ஆகிவிட்டன. இன்று புதன்கிழமை.

குட்டை தலையைச் சொறிந்துகொண்டு மேலே வந்தான். "மேடம், கீழ ஒரு அக்கா வந்திருக்காங்க. சக்கர நாற்காலி. லிப்ட் வேலை செய்யலையே, தூக்கிட்டு வந்துடறோம்னு சொன்னோம். ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"என்ன சொல்றாங்க?"

குட்டை தயங்கினான். "சொல்லட்டுமா மேடம்? 'அலமாரியைத் தூக்குங்க, அதுக்கு வாயில்லை. எனக்கு இருக்கு. உங்க மேடத்துக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு, இறங்கி வரச் சொல்லு'ன்னாங்க."

நெட்டை சிரிப்பை அடக்க முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஸ்கேல் மேடம் இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் இன்னும் ஏறாத அலமாரிகள், எங்கோ ஒரு தொலைதூர ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் பயணிகளைப் போல, கதவுகளைப் பூட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் ஸ்கேல் மேடத்தின் முகம் மலர்ந்தது. மோட்டார் அக்கா! சுற்றுவட்டாரத்தில் ஏழு ஊர்க் கிணறுகளின் மோட்டார் எரிந்தாலும் அவளிடம்தான் வரும். சாலையோரத்தில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, கருகிய செப்புக் கம்பியைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவாள். பேசிக்கொண்டே சுற்றுவாள்; ஆனால் சுற்று எண்ணிக்கை தப்பாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பட்டறை அறை கொடுக்கலாம் என்று நேரில் பார்த்து எழுதியவளே ஸ்கேல் மேடம்தான்.

"வாங்கக்கா! பட்டறை முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டேன்."

"முடிஞ்சது மேடம். சுவர் இருக்கு, கூரை இருக்கு, கதவுக்கு நீலப் பெயின்ட்கூட அடிச்சாச்சு. தினமும் காலையில போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"பாத்துட்டா?"

"வேற என்ன பண்றது? மழைத்தண்ணி ஏறும்னு தரையை ரெண்டரை அடி உசத்திட்டீங்க. நல்ல யோசனைதான். நாலு படி. சாய்தளம் கட்ட வந்த கொத்தனார் பாதியில கரண்டியைக் கழுவிட்டுப் போயிட்டார். கேட்டா, 'உங்க பேரு லிஸ்ட்ல இல்லக்கா'ங்கறார். என் கடைக்கு வெளியில உக்காந்து என் கடையை நானே வேடிக்கை பாக்குறேன்."

"அதெல்லாம் இருக்கும். ஏதோ குழப்பம்."

"திங்கட்கிழமை கம்பி சுத்துற மிஷின் வருது. அறை பயன்பாட்டுல இல்லைன்னா வேற ஊருக்குக் கொடுத்துடுவாங்களாம். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்வாங்க. எனக்கு வாய்க்கு எல்லாம் எட்டும் மேடம், காலுக்குத்தான் எட்டலை." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆனால் அவள் விரல்கள், இல்லாத கம்பி ஒன்றைச் சக்கரத்தின் விளிம்பில் சுற்றிக்கொண்டே இருந்தன.

"உங்க பேர் அந்தப் பக்கம் இருக்கும்க்கா" என்றாள் ஸ்கேல் மேடம். பதினேழு ஆண்டுப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

மோட்டார் அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். "எந்தப் பக்கம் மேடம்? ரெண்டும் ஒண்ணாயிடுச்சே?"

அந்த நேரத்தில்தான் குடைக்காரர் கக்கத்தில் குடையும் கையில் ஒரு பதிவேடுமாக உள்ளே வந்தார். ஸ்கேல் மேடம் அவரை ஓர் அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பேரைச் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். பெயர் இருந்தது. அதன் மேல் ஒரு நீலக் கோடு இருந்தது. அவர் அளவுகோல் வைப்பதில்லை. கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது.

"நீங்க வெச்சுக்குவீங்கன்னு நான்..." என்றார் குடைக்காரர்.

"நான் நீங்க வெச்சுக்குவீங்கன்னு..." என்றாள் ஸ்கேல் மேடம்.

அவர் பக்கங்களைத் திருப்பத் திருப்ப நீலக் கோடுகள் வந்தன. காது கேளாத தேனீ வளர்ப்பவர். நாற்றுப் பண்ணை வைத்திருந்த பார்வையில்லாத தம்பதி. சிறையிலிருந்து வந்து தச்சு வேலை கற்றுக்கொண்டவர். நாற்பத்து மூன்று. சிவப்பும் நீலமும் ஒரே பெயர்களின் மேல் விழுந்திருந்தன. இரண்டு அலுவலகத்தின் உதவியும் தேவைப்பட்டவர்கள்தான் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். அதாவது, எல்லாரையும்விட அதிகம் தேவைப்பட்டவர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. லஞ்சம் இல்லை, சோம்பல் இல்லை. இரண்டு நாணயமானவர்கள் போட்டி போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

'பேர் புளிக்குமா?' என்று தான் கேட்டது அவள் காதிலேயே ஒலித்தது. பத்து நாட்கள். புளித்துத்தான் போயிருக்கிறது.

குடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், பதறாதீங்க. நமக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்து மூணு பேரையும் புதுசா மனுப் போடச் சொல்லிடுவோம். தவறும் இல்லை, தடயமும் இல்லை."

"புது மனுன்னா வரிசையில கடைசி."

"ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு. அவங்களுக்குக் காத்திருந்து பழக்கம்தானே?" சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. குடையின் பிடியைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஓய்வு பெற ஏழு மாசம் இருக்கு மேடம். உங்களுக்கு வெள்ளிக்கிழமை பதவி. யோசிச்சுப் பாருங்க."

ஸ்கேல் மேடம் யோசித்தாள்தான். பொய் சொல்வானேன்? மாடியில் அவளுடைய புது மேசை ஜன்னலோரத்தில் இருந்தது. அதிலிருந்து பார்த்தால் தெருவின் இரண்டு பக்கமும் தெரியும். 'புது மனு' என்பது வசதியான இரண்டு சொற்கள்; ஒரு கரண்டி சிமென்ட் பூசினாற்போல் எல்லா விரிசலையும் மூடிவிடும்.

"மேடம்!" அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து மோட்டார் அக்காவின் குரல் வந்தது. "அலமாரி தகரம் மேடம். சுவர் இல்லை. நீங்க பேசறது எல்லாம் கேக்குது."

குடைக்காரர் பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.

"நான் யாரையும் திட்ட வரலை" என்று குரல் தொடர்ந்தது. "ஒரு மோட்டார்ல கம்பி சுத்தும்போது நான் ஒரு சுத்தை விட்டுட்டா, பிரிச்சுட்டு முதல்லேர்ந்து சுத்துவேன். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா, 'மோட்டாரே, நீ புதுசா பொறந்து வா'ன்னு சொல்ல மாட்டேன்."

படிக்கட்டிலிருந்து அடுத்த அலமாரிக்கான சத்தம் வந்தது. "விடவா?" "இரு அண்ணே... இரு... புடிச்சாச்சு."

காலையிலிருந்து நூறு முறை கேட்டு எரிச்சல்பட்ட அதே குரல்கள். இப்போது ஸ்கேல் மேடம் அவற்றை முதல் முறையாகக் கேட்டாள். நடுவில் அலமாரி இருக்கிறது. எதிரில் இருப்பவன் பிடித்திருக்கிறானா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வாயால் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இரண்டு பேர் ஒரு தகர அலமாரிக்குக் கொடுத்த மரியாதையை, இரண்டு முகமைகள் நாற்பத்து மூன்று மனிதர்களுக்குக் கொடுக்கவில்லை.

அவள் அங்கேயே, ஏறாமல் நின்ற ஒரு மேசையின் மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். வழக்கமான 'கவனக்குறைவு நேர்ந்திருக்கக்கூடும்' வகை வாக்கியம் எதுவும் அதில் இல்லை. 'நான் நீக்கினேன். எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று பெயர்களும் பழைய வரிசை எண்ணிலேயே சேர்க்கப்பட வேண்டும்.' கையெழுத்திட்டாள். அளவுகோல் தேவைப்படவில்லை.

தாளை எடுக்கப் போனபோது ஒரு கை அதைத் தடுத்தது. குடைக்காரர் பேனாவைத் திறந்திருந்தார். "நீலக் கோடும் இருக்கே மேடம். சிவப்புக்கு மட்டும் எப்படிப் பழி போடறது?" அவளுடைய கையெழுத்துக்குக் கீழே அவருடையது, கொஞ்சம் நடுங்கி, ஏறி உட்கார்ந்தது.

"போய்ட்டு வாங்க" என்றாள் மோட்டார் அக்கா, அலமாரிகளுக்கு நடுவிலிருந்து. "நான் இங்கேயே இருக்கேன். எனக்கென்ன, உக்கார நாற்காலி என்கூடவே வந்திருக்கு."

இயக்குநர் அறையில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. மேசை மேல், 'துணை இயக்குநர்' என்று பொறித்த பலகை காகிதம் பிரிக்காமல் கிடந்தது. நாற்பத்து மூன்று பேரின் கோப்பை அவள் கையிலேயே வைத்திருக்க, அவர் குறிப்பை இரண்டு முறை படித்தார். கெட்டவர் அல்ல அவர், களைத்துப் போனவர்.

"இது தேவையா? பட்டியலுக்கு முத்திரை வெச்சாச்சு. திரும்பத் திறந்தா மேலிடத்துலேர்ந்து விளக்கம் கேப்பாங்க. முதல்ல உங்க பேர்தான் அடிபடும்."

"அடிபடட்டும் சார். நாற்பத்து மூணு பேர் என் கோட்டுல அடிபட்டிருக்காங்க. நாற்பத்து நாலாவதா நான் இருந்துட்டுப் போறேன்."

"வெள்ளிக்கிழமை திறப்பு விழாவை வெச்சுக்கிட்டு..."

"சமூக இணைப்பும் சேர்ந்த அலுவலகத்தைத் திறக்கறோம் சார். வந்த முதல் ஆளால மாடி ஏற முடியலை. அதையும் அதுலயே எழுதியிருக்கேன், ரெண்டாம் பக்கத்துல."

இயக்குநர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். குரல் கனிந்தது. "சரி. நான் மறுக்கலை. அடுத்த மாசம் குறைதீர் பிரிவு ஒண்ணு வருது. நல்ல ஆட்களைப் போடறாங்க. அவங்க பாத்துப்பாங்க. நீங்க கோப்பை இங்க வெச்சுட்டு நிம்மதியா போங்க."

அவர் கையை நீட்டினார். ஸ்கேல் மேடம் கோப்பை நீட்டினாள். அவருடைய விரல்கள் அதைத் தொட்டன. அவள் விரல்கள் அதைவிட்டு வரவில்லை. கோப்பு இருவருக்கும் நடுவே, படிக்கட்டின் திருப்பத்தில் நிற்கும் அலமாரியைப் போல நின்றது.

"சார், 'அவங்க பாத்துப்பாங்க'. இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இருக்கற சந்துலதான் நாற்பத்து மூணு பேர் விழுந்தாங்க. நானும் அதைத்தான் நினைச்சேன், எதிர்ப்பக்கமும் அதைத்தான் நினைச்சாங்க. அலுவலகத்தை ஒண்ணாக்கறதுன்னா அலமாரியை மாடிக்கு ஏத்தறதுன்னு நினைச்சுட்டோம். ஒரு மனுஷனோட வாழ்க்கையை ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்தும்போது, வாங்கறவங்க வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் கொடுக்கறவங்க கையை எடுக்கக் கூடாது சார். சுமை தூக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியலை."

இயக்குநர் கோப்பைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளைப் பார்த்தார். கதவுக்கு வெளியே குடைக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். படிக்கட்டில் சத்தமில்லை, கீழ்த்தளத்தில் ஒரு சக்கரம் சற்றே முன்னால் உருண்டு, நின்றது.

"பிடிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள் ஸ்கேல் மேடம். "விட்டுடறேன்."